மரங்கொத்தி அமர்ந்த மரம்

தான் படம் பிடித்த மரங்கள்தான் ஒவ்வொன்றாக வெட்டப்படுகின்றன என்பது, மூன்றாவது மரத்தில் மஞ்சள் தாள் ஒட்டிய அன்றைக்குத்தான் தில்லைநாயகிக்கு உறைத்தது.

முதலில் போனது பள்ளிக்கூடத்து வாகை. அடுத்தது குளத்தங்கரை வேம்பு. இரண்டையும் அறுத்து லாரியில் ஏற்றியபோது அவளும் தெருவோடு சேர்ந்து உச்சுக்கொட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். மூன்றாவது, பக்கத்து வீட்டு ஜபருல்லாவின் கொல்லையில் நின்ற பலா. அறுபது வருஷத்து மரம். அடித்தூரிலிருந்தே காய்த்துத் தொங்கும். அன்று மத்தியானம் அவள் திரும்பியபோது ஜபருல்லா அந்த மரத்தடியில் நின்று தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, இத கொஞ்சம் படிச்சுச் சொல்லேன். தாள் ஒட்டறாங்கன்னு கேட்டு ஓடியாந்ததுல கண்ணாடிய கடையிலயே வச்சிட்டேன்."

தாளின் தலைப்பில் மரக் காப்பு ஆணையத்தின் முத்திரை இருந்தது. 'இம்மரம் விழும் அபாயத்தில் உள்ளது. பதினொரு நாளில் அகற்றப்படும்' என்று பெரிய எழுத்தில் போட்டு, அதன்கீழே பொடி எழுத்தில், 'காரணம்: பொந்தில் வாழும் பறவை. சான்று: படம்' என்றிருந்தது. படத்தையும் தபால்தலை அளவில் அச்சிட்டிருந்தார்கள். சிவப்புக் கொண்டை போட்ட பொன்முதுகு மரங்கொத்தி ஒன்று பொந்தின் வாயில் தொற்றி நிற்கிறது. உள்ளேயிருந்து நீண்ட குஞ்சின் அலகுக்குள் எறும்பு முட்டையைத் திணிக்கிறது.

போன வெள்ளிக்கிழமை, மதிலில் முழங்கையை ஊன்றி, மூச்சை அடக்கிக்கொண்டு தில்லைநாயகி எடுத்த படம். எட்டு வருஷத்தில் அவள் எடுத்ததிலேயே நல்ல படம் அதுதான்.

"படம்னா, யாரு எடுத்த படம்?" என்றார் ஜபருல்லா.

அவள் கட்டைவிரலால் அந்தப் படத்தை மூடினாள்.

தில்லைநாயகிக்கு நாற்பத்து மூன்று வயது. பண்ருட்டிக் கடைத்தெருவில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவள். காலை ஏழு முதல் ஒரு மணி வரை மனிதர்களின் எலும்புகள். அதற்குப் பிறகு கொல்லையிலும் ஊருக்குள்ளும் பறவை, அணில், ஓணான், கீரி. எடுத்ததையெல்லாம் 'சிறகு' என்ற செயலியில் ஏற்றிவிடுவாள். அவளைப் போலப் பல ஆயிரம் பேர் ஏற்றினார்கள். எந்த இடம், எத்தனை மணி, எந்த மரம், எவ்வளவு உயரம் என்பதெல்லாம் படத்தோடு தானாகவே போய்ச் சேரும். அவள் பெயருக்கு எதிரே ஒரு பச்சை நட்சத்திரமும் 'நம்பகமான பார்வையாளர்' என்ற பட்டமும் உண்டு. அந்தப் பட்டத்தை அவள் கணவன் குணசீலன் சொந்தக்காரர்களிடம் சொல்லிப் பெருமைப்படுவான்.

ஆனால் இப்போதெல்லாம் அவள் படம் எடுத்தது நட்சத்திரத்துக்காக அல்ல, சபூராவுக்காக. ஜபருல்லாவின் மனைவி சபூராவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்டது. பேச்சும் போய்விட்டது. கொல்லையைப் பார்த்த ஜன்னலை ஒட்டிக் கட்டில். காலையில் ஜபருல்லா பழக்கடைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவார். அந்த ஜன்னலில் தெரியும் பலாமரம்தான் சபூராவுக்கு உலகம். தில்லைநாயகி மதிலைச் சுற்றி வந்து, அன்றன்றைக்கு எடுத்த படங்களை ஜன்னல் கம்பி வழியாகக் காட்டுவாள். சபூரா இடது கைவிரலால் கேமராத் திரையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். மரங்கொத்தி வந்தால் அவள் தொண்டையிலிருந்து சிரிப்பு போல ஒரு சத்தம் வரும். டாக்டர் சொன்ன எந்தப் பயிற்சிக்கும் வராத சத்தம் அது.

அன்றிரவு சாப்பிடும்போது தில்லைநாயகி விஷயத்தைச் சொன்னாள். குணசீலன் தட்டிலிருந்து கையை எடுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரு பறவை உக்காந்ததுக்கு ஒரு மரத்தையே வெட்டுவாங்களா?"

"வெட்டட்டுமே," என்றான் அவன்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய புயலில், ஒதுங்கி நின்ற இடத்தில் மரம் விழுந்து அவனுடைய தம்பி செம்பியன் செத்துப்போனான். அந்தப் புயலில் அப்படிப் போன நூறு பேருக்குப் பிறகுதான் ஆணையமே வந்தது.

"என் தம்பி மேல விழுந்த மரத்துல எந்தக் குருவி பொந்து போட்டிருந்துச்சோ. உன்ன மாதிரி ஒருத்தி முன்னாடியே படம் எடுத்துப் போட்டிருந்தா அவன் இருந்திருப்பான்." சொல்லிவிட்டு அவனே எழுந்து கை கழுவப் போனான்.

மறுநாள் ஜபருல்லாவும் அவளும் கடலூருக்குப் போனார்கள். மண்டல அலுவலர் லோகேஸ்வரன் எழுந்து நின்று நாற்காலி காட்டினார். முப்பத்தைந்து வயதிருக்கும்.

"பண்ருட்டி தில்லைநாயகி மேடமா நீங்க? உங்க படத்தையெல்லாம் நான் தவறாம பார்ப்பேன். அந்தக் கீரிக்குட்டி படத்த என் போன்லயே வச்சிருக்கேன் மேடம்."

"பலாமரத்த வெட்டச் சொன்னது யாரு சார்?"

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. "ஆளு யாரும் சொல்லல. மிசின் சொல்லிச்சு."

"அதுக்கு எப்படித் தெரியும்?"

"மாநிலம் பூரா எத்தனை கோடி மரம் இருக்கு? ஒவ்வொன்னையும் தட்டிப் பார்க்க நம்மகிட்ட ஆளு ஏது? ஆனா மரத்தத் தட்டிப் பார்க்கவே பொறந்த ஒண்ணு இருக்கே மேடம். உள்ள புழு இருந்தாத்தான் அது கொத்தும். உளுத்திருந்தாத்தான் பொந்து போடும். அது எங்க உக்காருதுன்னு உங்கள மாதிரி ஆளுங்க வருஷக் கணக்கா படம் எடுத்து வச்சிருக்கீங்க. புயல்ல விழுந்த மரங்களையும், விழறதுக்கு முன்னாடி அந்த மரங்கள்ல எடுத்த படங்களையும் சேர்த்து மிசினுக்குக் காட்டினாங்க. அது புடிச்சிக்கிச்சு."

"நான் இதுக்குச் சம்மதிக்கலையே."

"சிறகுல சேரும்போது ஒரு பக்கம் வந்திருக்கும். பொதுநலனுக்குப் பயன்படுத்தலாம்னு. நீங்க அழுத்தியிருப்பீங்க."

அழுத்தியிருந்தாள். செம்பருத்திச் செடியில் ஒரு தையல்சிட்டு வந்து உட்கார்ந்திருந்தது. அது பறந்துவிடுமே என்ற அவசரத்தில் வந்த பக்கத்தையெல்லாம் படிக்காமல் தள்ளிவிட்டிருந்தாள்.

"தப்பாப் போனா?"

"நூத்துக்குப் பதினாலு தப்பாப் போகும்."

"நான் எக்ஸ்ரே எடுக்கறவ சார். உள்ள என்ன இருக்குன்னு பார்க்காம யாராச்சும் ஒருத்தர் கால வெட்டுவாங்களா?"

"மரத்துக்கு ஸ்கேன் எடுக்குற கருவி மாநிலத்துக்கே நாலுதான் இருக்கு. மறு ஆய்வுக்கு எழுதிக் குடுங்க, நான் அனுப்புறேன். முறை வர அஞ்சு மாசம் ஆகும்."

"தாள்ல பதினொரு நாள்னு போட்டிருக்கே?"

"ஆமா மேடம்," என்றார் லோகேஸ்வரன்.

ஜபருல்லா மேஜைமீது லேசாகச் சாய்ந்தார். "தம்பி, நீங்க ஒரு கையெழுத்துப் போட்டு நிறுத்தி வைக்க முடியாதா? என் சம்சாரம் படுக்கையில கெடக்கறா. அவளுக்கு அந்த மரம்தான்..."

லோகேஸ்வரன் தன் கணினித் திரையை அவர்கள் பக்கம் திருப்பினார். "கையெழுத்துப் போடற இடமே இதுல இல்லீங்க பாய். முன்ன இருந்துச்சு. வேற மண்டலத்துல ஒரு அலுவலர் எரக்கப்பட்டு ஒரு மரத்த நிறுத்தி வச்சாரு. அது ஒரு ஆட்டோ மேல விழுந்துச்சு. அதோட அந்த இடத்தையே எடுத்துட்டாங்க."

"நான் என் படத்தையெல்லாம் அழிச்சிடறேன்," என்றாள் தில்லைநாயகி.

"அழிங்க. ஆனா அது கத்துக்கிட்டத அழிக்க முடியாது."

அவர்கள் எழுந்தபோது அவரும் வாசல்வரை வந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பூ, காய், புதுத்துளிர் இதெல்லாம் மரத்துக்கு நல்ல மதிப்பெண் மேடம். அதையும் எடுத்துப் போடுங்க. இந்த மரத்துக்கு நேரமில்ல. அடுத்ததுக்காவது ஆகும்."

பதினோராம் நாள் காலை ஆட்கள் வந்தார்கள். தில்லைநாயகி லீவு போட்டிருந்தாள். மேஸ்திரி ஏகாம்பரம் மேலே ஏறி, பட்டுப்போன கிளையில் ரம்பத்தை வைத்தவன் அப்படியே நிறுத்திவிட்டான்.

"உள்ள சத்தம் கேக்குது யக்கா."

இறங்கி வந்து யாருக்கோ போன் செய்தான். நாள் கடந்தால் தங்கள் ஒப்பந்தம் ரத்தாகிவிடும் என்று பதில் வந்ததாகச் சொன்னான். அந்தக் கிளையை மட்டும் கயிறு கட்டிக் குழந்தையை இறக்குவதுபோல மெல்ல இறக்கினான். உள்ளே மூன்று குஞ்சுகள் இருந்தன. ஒன்று இறக்கும்போதே நசுங்கியிருந்தது. மற்ற இரண்டையும் அவள் செருப்புப் பெட்டியில் வைத்து, எறும்பு முட்டை தேடித் தேடி ஊட்டினாள். மூன்று நாள்தான் உயிரோடு இருந்தன.

ஜபருல்லா கட்டிலை உள்ளே தள்ளிப்போடப் பார்த்தார். சபூரா இடது கையால் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. கடைசிவரை பார்த்தாள். அடிமரம் விழுந்து வெட்டுவாய் தெரிந்தபோது ஏகாம்பரம் ரம்பத்தை அணைத்துவிட்டு அதன்மேல் உள்ளங்கையை வைத்தான். நடுவில் ஒரு கீறல்கூட இல்லை. மஞ்சள் மஞ்சளாக வைரம் பாய்ந்திருந்தது.

"இன்னும் அம்பது வருஷம் நின்னிருக்கும் யக்கா. பட்டுப்போனது அந்த ஒரு கிளைதான்," என்றான்.

விஷயம் தெருவுக்குத் தெரிய ஒரு வாரம் ஆகவில்லை. மரங்கொத்தி உட்கார்ந்தால் மஞ்சள் தாள் வரும். குக்குறுவான் வந்தாலும் வரும், கிளி பொந்தில் நுழைந்தாலும் வரும், ஆந்தை எட்டிப் பார்த்தாலும் வரும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பூவராகன் தன் மாமரத்தைக் காப்பாற்றக் காலையிலும் மாலையிலும் வெடி கொளுத்திப் போட்டார். எதிர்வீட்டில் கொத்தனாரை வரவழைத்துப் புங்கமரத்துப் பொந்துகளைச் சிமெண்ட் வைத்துப் பூசினார்கள். அந்தப் பொந்துக்குள் பகலில் ஒரு ஜோடிப் புள்ளி ஆந்தைகள் தூங்கும் என்று தில்லைநாயகிக்குத் தெரியும். அவள் ஓடிப்போய்ச் சொல்வதற்குள் பூச்சு காய்ந்துவிட்டது. உடைக்கச் சொல்லிக் கெஞ்சினாள்.

"உன் கேமராவத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வராதம்மா," என்று அந்த வீட்டம்மாள் கதவைச் சாத்தினாள். "நீ பார்த்த மரம் எது பொழைச்சிருக்கு?"

தெருவில் யாரும் கெட்டவர்கள் இல்லை. போன வருஷம்வரை அவளுடைய படங்களை வாங்கிப் போனில் வைத்துக்கொண்டவர்கள்தான். மரம் வேண்டும் என்பதற்காகத்தான் பறவையை விரட்டினார்கள்.

ஜூன் மாதம் ஒரு மத்தியானம், அவளுடைய சொந்தக் கொல்லையிலேயே அந்தச் சத்தம் கேட்டது. அவள் வீட்டு நாவல் மரம் மதிலை ஒட்டி, ஜபருல்லா வீட்டுப் பக்கம் லேசாகச் சாய்ந்து நிற்கும். அதன் அடிமரத்தில், ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்கு மேலே, அதே ஜோடி. பெட்டையின் நெற்றியில் இருந்த வெள்ளைப் புள்ளிகளை வைத்து அவளால் அடையாளம் சொல்ல முடியும். ஆணும் பெண்ணும் முறை வைத்துக்கொண்டு புதுப் பொந்து தோண்டிக்கொண்டிருந்தன. மரத்தடியெல்லாம் சிராய்.

அவள் கேமராவைத் தொடவில்லை.

லோகேஸ்வரன் சொன்னது நினைவிருந்தது. கொல்லையில் வேறு எதையெல்லாம் எடுக்க முடியுமோ எடுத்தாள். கொய்யாப் பூ, எலுமிச்சைத் துளிர், முருங்கையில் அணில், செம்பருத்தியில் பட்டாம்பூச்சி, தெருவில் உள்ள மரம் ஒவ்வொன்றிலும் காய்த்த காய். தன் பச்சை நட்சத்திரம் அந்தத் தெருவுக்குச் செய்த கேட்டையெல்லாம் அதை வைத்தே சரிக்கட்டிவிடலாம் என்று நினைத்தாள். குளத்தங்கரையில் மிச்சமிருந்த இரண்டு மரங்களுக்குத் தாள் வரவில்லை. அவள் எடுத்த படங்களால்தானா என்று தெரியாது. அப்படித்தான் என்று நம்பினாள்.

பலாமரம் போனபிறகு சபூராவின் ஜன்னலிலிருந்து நாவல் மரம் நன்றாகத் தெரிந்தது. இரண்டு பெண்களும் கேமரா இல்லாமல், பேச்சு இல்லாமல், மத்தியானம் முழுக்க அந்தப் பொந்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஆண் பறவை அடைகாக்க உள்ளே போனால் சபூரா அவள் மணிக்கட்டை அழுத்துவாள். நாலு வாரம் அப்படிப் போயிற்று. பலா சாய்ந்த பிறகு தில்லைநாயகி நன்றாகத் தூங்கியது அந்த நாலு வாரம்தான்.

ஜூலை முதல் வாரத்தில் நாவல் மரத்தில் மஞ்சள் தாள் ஒட்டியிருந்தது. 'சான்று: படம்' என்ற வரி இல்லை. அதற்குப் பதிலாக, 'காரணம்: பார்வையாளர் தவிர்ப்பு.'

அவள் லோகேஸ்வரனுக்குப் போன் செய்தாள். அவர் சற்று நேரம் தேடிப் பார்த்துவிட்டு வந்தார்.

"மேடம், இந்த ஒரு மாசத்துல நீங்க நானூத்திப் பன்னெண்டு படம் ஏத்தியிருக்கீங்க. உங்க கொல்லையில எல்லாத் திசையிலயும் எடுத்திருக்கீங்க. அந்த நாவல் மரம் ஒண்ணுல மட்டும் இல்ல. அதோட நெழல்கூட ஒரு படத்துலயும் விழல."

"எடுக்காம விட்டதும் குத்தமா சார்?"

"முன்ன வாரத்துக்கு ஒம்பது, பத்து படம் அந்த மரத்துல எடுப்பீங்க. உங்கள மாதிரி ஒருத்தர் ஒரு மரத்த மட்டும் திடீர்னு விட்டுட்டா, அதுல கூடு இருக்குன்னு அர்த்தமாம். யாரும் சொல்லித் தரல மேடம், அதுவே கண்டுபிடிச்சிருக்கு."

"என்ன மாதிரி மறைக்கிறவங்க நெறைய பேர் இருக்காங்களா?"

"நெறைய பேர் இருக்காங்க. அதனாலதான் அதுக்குப் புடிபட்டுச்சு."

அவள் போனை வைக்காமலே நின்றாள். எடுத்தாலும் தெரிகிறது, எடுக்காவிட்டாலும் தெரிகிறது. இனி அவள் கண்ணை எங்கே கொண்டுபோய் வைப்பது? மறுமுனையில் லோகேஸ்வரனும் வைக்கவில்லை. "மன்னிச்சிருங்க மேடம்," என்றார்.

வெட்ட வந்த அன்று தில்லைநாயகி மரத்தடியில் உட்கார்ந்துகொண்டாள். ஏகாம்பரம் ரம்பத்தைக் கீழே வைத்துவிட்டுத் தள்ளி நின்றான். இரண்டு பெண் போலீஸ்காரர்கள் வந்தார்கள். அவர்களில் ஒருத்திக்குப் போன மாதம்தான் அவள் தோள்பட்டை எக்ஸ்ரே எடுத்திருந்தாள். "எந்திரிங்கக்கா, ப்ளீஸ்," என்று அந்தப் போலீஸ்காரி கெஞ்சினாள். குணசீலன் வந்து பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். கால் மணி நேரம் கழித்து, "வா தில்ல," என்று அவள் கையைப் பிடித்துத் தூக்கினான். அவள் எழுந்துவிட்டாள்.

பொந்தில் இருந்த மூன்று முட்டைகளும் உடைந்துபோயின.

அடிமரம் சாய்ந்ததும் ஏகாம்பரம் கிட்டே போனான். குனிந்தான். தோள்வரை கையை உள்ளே விட்டான். பிறகு தலையையே விட்டுப் பார்த்தான். உள்ளே ஒன்றும் இல்லை. பட்டையும் நாலு விரற்கடை மரமும்தான் அத்தனை உயரத்தையும் தாங்கி நின்றிருக்கின்றன. கருப்பாக ஈர மண்போல உளுத்த தூள் கொட்டியது.

"ரெண்டு ஆளு உக்காரலாம் யக்கா. அடுத்த காத்துக்கு நின்னிருக்காது."

குணசீலன், மரம் நின்றபோது சாய்ந்திருந்த திசையில் அடி அடியாக வைத்து நடந்தான். மதிலைத் தாண்டி எட்டிப் பார்த்தான். மரத்தின் உயரம் எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. சபூராவின் கட்டில்.

"அல்லா காப்பாத்தினான்," என்றார் ஜபருல்லா. சொன்னபிறகு தில்லைநாயகியைப் பார்த்தார். "தங்கச்சி, நான் அந்த அர்த்தத்துல சொல்லல..."

"சரியாத்தான் சொன்னீங்க பாய்," என்றாள் அவள்.

பலாவுக்காக அழுதபோது திட்டுவதற்கு ஒரு மிசினாவது இருந்தது. இப்போது அதுவும் இல்லை. இன்னும் ஒரு மாதம் அவள் நினைத்தபடி எல்லாம் நடந்திருந்தால், தன் மறைப்பு பலித்திருந்தால், என்ன ஆகியிருக்கும் என்பதை அவளால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை, நினைக்காமல் இருக்கவும் முடியவில்லை. வீட்டுக்குள் போய்க் கேமராவின் மின்கலத்தைக் கழற்றி, கேமராவைப் பீரோவின் அடித்தட்டில் வைத்துப் பூட்டினாள். அன்று சபூராவிடம் போகவில்லை. மறுநாளும் போகவில்லை.

ஆடிக் காற்று தொடங்கிய பிறகு, ஒரு மத்தியானம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, ஜபருல்லா வீட்டுப் பக்கம் டங் டங் என்று இரும்பைத் தட்டும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடியும் கேட்டது. சபூராவுக்கு என்னவோ ஏதோ என்று பதறி, மடித்ததைக் கீழே போட்டுவிட்டு ஓடினாள்.

சபூரா தலையணையிலிருந்து பாதி எழும்பி, சுவரில் சாய்ந்து கிடந்தாள். இடது கையில் எவர்சில்வர் டம்ளர். அதைத்தான் ஜன்னல் கம்பியில் அடித்துக்கொண்டிருந்தாள். கட்டில் முழுக்கத் தண்ணீர் கொட்டி, புடவை நனைந்திருந்தது. நெற்றியெல்லாம் வேர்வை.

"என்னக்கா? என்ன வேணும்?"

சபூரா அவளைப் பார்க்கவில்லை. கொல்லையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தில்லைநாயகியும் திரும்பிப் பார்த்தாள். ஜபருல்லாவுக்கு மிஞ்சியிருந்தது மூலையில் ஒரு தென்னை மட்டும்தான். அதன் நடுமரத்தில், தங்கத்தைக் காய்ச்சி முதுகில் ஊற்றியதுபோல, அந்தப் பெட்டை தொற்றிக்கொண்டிருந்தது. தலையைச் சாய்த்து ஒரு தடவை கொத்திப் பார்த்தது.

சபூரா டம்ளரைக் கம்பியில் ஓங்கி அடித்தாள். பறவை திடுக்கிட்டுப் பறந்து, பூவராகன் வீட்டுக் கூரையைத் தாண்டி மறைந்தது. அங்கிருந்து ஒரு வெடிச்சத்தம் கேட்டது. சற்று நேரத்தில் அது திரும்பி வந்தது. போக வேறு மரம் இல்லை. அதே இடத்தில் தொற்றிக்கொண்டது.

சபூரா கையைத் தூக்கினாள். பாதி உயரத்திலேயே கை மெத்தையில் விழுந்தது. மறுபடி தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. கண்ணிலிருந்து நீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. அப்போதுதான் முகத்தைத் திருப்பி, அவ்வளவு நாள் யாருடைய மணிக்கட்டை அழுத்தி ஒரு பறவையின் சந்தோஷத்தைச் சொன்னாளோ, அந்தத் தோழியைப் பார்த்தாள்.

தில்லைநாயகி அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து டம்ளரை வாங்கிக்கொண்டு, ஜன்னல் கம்பி பக்கம் திரும்பினாள்.